பிந்துவுக்கு முந்தைய ரஸா

சையத் ஹைதர் ரஸா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, பெரிய கித்தானில் அழுத்தமாக அமர்ந்திருக்கும் கறுப்பு வட்டம்தான். அதைப் பிந்து, அதாவது புள்ளி, என்று அழைத்து, அதைச் சுற்றி முக்கோணங்களையும் சதுரங்களையும் பட்டைகளையும் அடுக்கி, ஏறத்தாழ 1980 தொடங்கித் தம் இறுதிக்காலம் வரை அவர் வரைந்துகொண்டிருந்தார். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பிந்துவை விளக்குவதற்கு அவருடைய பள்ளிப் பருவத்துக்குச் செல்வது வழக்கம். சுவரில் ஆசிரியர் இட்ட ஒரு புள்ளி, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு சிறுவன், பிறகு பாரீஸ், பிறகு புகழ் என்று கதை விரைந்து முடிந்துவிடுகிறது. இந்தச் சுருக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சுவருக்கும் பிந்து வரிசை ஓவியங்களுக்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் அவர் என்ன கற்றார், யாரிடம் கற்றார், எதைக் கைவிட்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால், உழைத்துப் பெற்ற ஒன்றைப் பிறவியிலேயே வாய்த்த வரமாக ஆக்கிவிடுகிறோம். அவருடைய 1940களின் நீர்வண்ண ஓவியங்களையும் 1950களின் பாரீஸ் ஓவியங்களையும் பதிப்புகளில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்கிய நாள் முதல் எனக்கு இந்த எண்ணம் வலுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆகவே இங்கே பிந்துவை ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்கு முந்தைய ரஸாவைப் பற்றியே எழுதுகிறேன்.

அவர் 1922 பிப்ரவரி 22 அன்று, அப்போதைய மத்திய மாகாணத்தில், பபரியா என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தை சையத் முகமது ரஸி வனத்துறையில் டெபுடி ரேஞ்சராகப் பணியாற்றியவர். தாயார் தாஹிரா பேகம். தந்தையின் வேலை காட்டோடு பிணைந்தது என்பதால் குடும்பமும் காட்டை ஒட்டியே வாழ்ந்தது. மண்டலாப் பகுதியின் அந்தக் காடுகள் அடர்ந்தவை. அமர்கண்டக்கில் பிறக்கும் நர்மதை அந்தப் பக்கமாகத்தான் இறங்கி ஓடுகிறது. சுற்றிலும் கோண்டுப் பழங்குடி மக்களின் ஊர்கள். பிற்காலத்தில் ரஸா தம் இளமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இரண்டு நினைவுகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒன்று, காட்டின் இரவு. இருள் சூழ்ந்ததும் எல்லாவற்றையும் பயம் பிடித்துக்கொள்ளும். கோண்டு மக்களின் ஆட்டமும் பாட்டும் கேட்கும்போதுதான் அந்த இருட்டுக்குள் மனிதர்களும் இருக்கிறார்கள் என்ற ஆறுதல் கிடைக்கும். மற்றொன்று, பொழுது விடிந்து வெயில் ஏறியதும், குறிப்பாகச் சந்தை நாளில், அந்தப் பயம் இருந்த இடம் தெரியாமல் போய், ஊரே நிறங்களால் நிறைந்துவிடுவது. நிறத்தை அழகாக மட்டும் பார்க்காமல் பயத்திலிருந்து கிடைத்த விடுதலையாகவும் உணர்ந்த குழந்தை அவர் என்று இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. கறுப்பை எல்லா நிறங்களுக்கும் தாய் என்று அவர் பின்னாளில் கருதியதற்கும் இந்த இரவுகளுக்கும் தொடர்பு இல்லாமல் இருக்க முடியாது.

புள்ளியின் கதை நடந்தது ககையா என்னும் ஊரின் தொடக்கப் பள்ளியில். சிறுவனின் மனம் பாடத்தில் நிலைக்காமல் பறவை, மரம், வானம் என்று அலைவதைக் கவனித்த ஆசிரியர் நந்தலால் ஜாரியா, பள்ளி முடிந்த பிறகு அவனை நிறுத்திவைத்து, தாழ்வாரத்து வெள்ளைச் சுவரில் ஒரு புள்ளியை இட்டு, மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு இதை மட்டும் பார் என்று சொல்லிச் சென்றாராம். இந்த நிகழ்ச்சியின் அருமையை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. அலையும் மாணவனை அடித்துத் திருத்துவதே இயல்பாக இருந்த காலத்தில், ஓர் ஆசிரியர் அவனுடைய கண்ணுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார் என்பது பெரிய விஷயம். ஆனால் அவர் கொடுத்தது பார்வைக்கான ஒரு பயிற்சி. அதை ஓர் ஓவியக் குறியீடாகச் சிறுவனும் எண்ணியிருக்க மாட்டான், ஆசிரியரும் எண்ணியிருக்க மாட்டார். அந்தப் பயிற்சி குறியீடாக மாறுவதற்கு வேறு பல ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள்.

பதின்மூன்றாம் வயதில் ரஸா தமோவுக்குச் சென்று அங்கே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். பிறகு 1939 முதல் 1943 வரை நாக்பூர் ஓவியப் பள்ளியில் பயின்றார். அங்கே பெற்ற அடிப்படைப் பயிற்சிதான் மாகாண அரசின் உதவித்தொகையுடன் பம்பாயின் சர் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பை அவருக்குத் தேடித் தந்தது. ஆனால் அவர் பம்பாய் போய்ச் சேர்ந்தபோது சேர்க்கை முடிந்துவிட்டிருந்தது. உதவித்தொகையும் கைநழுவிப் போயிற்று. ஊர் திரும்பிச் சென்றிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பவில்லை. எக்ஸ்பிரஸ் பிளாக் ஸ்டூடியோ என்ற இடத்தில் வடிவமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். பகலில் அங்கே உழைத்துவிட்டு மற்ற நேரத்தில் படம் வரைந்தார். பின்னர் ஜே.ஜே.யிலும் இடம் கிடைத்து 1947 வரை படித்தார்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் ஒற்றை வரியில் கடந்துபோகும் இந்த பிளாக் வேலையைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அச்சுக் கோத்து அச்சடித்த அந்தக் காலத்தில் பத்திரிகையில் ஒரு படம் வரவேண்டுமானால் முதலில் அதற்கு பிளாக் எடுக்க வேண்டும். புகைப்படமென்றால், நுண்ணிய கோடுகள் கீறிய கண்ணாடித் திரையின் வழியாக மறுபடியும் படம் பிடித்து, அதன் சாம்பல் நிறங்களைச் சிறிதும் பெரிதுமான புள்ளிகளாக உடைத்து, உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்தெடுப்பார்கள். அது ஹாஃப்டோன் பிளாக். கோட்டோவியமென்றால் லைன் பிளாக். துத்தநாகத் தகட்டில் மை படும் இடம் உண்டு, படாத இடம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட வேலைக்காக வரைகிறவர், எந்த விளிம்பையும் மங்கலாக விட்டுவிட்டு நகர முடியாது. எங்கே கறுப்பு முடிகிறது, எங்கே வெள்ளை தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு அங்குலத்திலும் அவரே தீர்மானித்தாக வேண்டும். ஓவியப் பள்ளியில் பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து நிழல் போட்டுப் பழகிய கைக்கு இது முற்றிலும் வேறான ஒழுக்கம். ரஸாவின் முதிர்ந்த ஓவியங்களில் வடிவங்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களின் துல்லியத்தைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தொழிற்கூடத்தின் பங்கும் அதில் உண்டு என்று நான் நம்புகிறேன்.

பம்பாய் அவருக்குக் கொடுத்த மற்றொரு கல்வி, நாஜிகளின் எழுச்சியால் ஐரோப்பாவை விட்டு வந்து அந்நகரத்தில் தங்கிவிட்ட சிலரிடமிருந்து வந்தது. வால்டர் லாங்ஹாமர் ஆஸ்திரிய ஓவியர். டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் கலை இயக்குநராக இருந்தவர். ருடால்ஃப் வான் லெய்டன் ஜெர்மானியர். அதே பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதியவர். எமானுவேல் ஷ்லெசிங்கர் வியன்னாவிலிருந்து வந்த வணிகர். இளம் ஓவியர்களின் படங்களை, அவை விலைபோகாத காலத்திலேயே வாங்கிச் சேர்த்தவர். ஒருவர் வரையக் கற்றுக்கொடுத்தார், ஒருவர் எழுதி அறிமுகப்படுத்தினார், ஒருவர் வாங்கி வாழவைத்தார். லாங்ஹாமரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய இளைஞர்களில் ரஸாவும் ஒருவர். ஐரோப்பிய நவீன ஓவியத்தை அச்சுப் பிரதிகளாக அவர்கள் அங்கேதான் பார்த்தார்கள். கண்காட்சியில் வைக்கப்பட்ட ரஸாவின் நீர்வண்ணங்களை முதலில் கவனித்து எழுதியவர்களில் வான் லெய்டன் முக்கியமானவர். 1946இல் பம்பாய் ஆர்ட் சொசைட்டியில் ரஸாவின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 1948இல் அந்த அமைப்பு அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது.

அந்தக் காலத்து நீர்வண்ணங்கள் மிக அழகானவை. பம்பாயின் தெருக்கள், மழை, வெயில் எல்லாம் இரண்டு மூன்று வீச்சுகளில் தாளில் இறங்கியிருக்கும். நீர்வண்ணத்தில் கை பழகியவர்களுக்குத் தெரியும், ஈரமான தாளில் வண்ணத்தை விட்டால் அது தானாகவே பரவி, தானாகவே ஒரு விளிம்பைத் தேடிக்கொள்ளும். திறமையான கையாக இருந்தால் பாதி வேலையைத் தண்ணீரே செய்துவிடும். ரஸாவின் கை மிகவும் திறமையான கை. அந்தத் திறமையிலேயே நின்றுவிட்டிருந்தால் பதக்கங்களுக்கும் வாங்குவோருக்கும் குறைவிருந்திருக்காது. அவரை நான் மதிப்பதற்கு முதல் காரணம், அவர் அங்கே நிற்கவில்லை என்பதே.

1947 அவருக்கு எல்லா வகையிலும் கடுமையான ஆண்டு. அவ்வாண்டில் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு தந்தை. நாடு பிரிந்தபோது உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தானுக்குப் போனார்கள்; முதல் மனைவியும் போனார். சிறுவயதில் மண்டலாவில் காந்தியைப் பார்த்ததை வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருந்த ரஸா, தாம் போவது அவருக்குச் செய்யும் துரோகமாகும் என்று கருதி இந்தியாவிலேயே இருந்துவிட்டார். பின்னர் அறுபது ஆண்டுகள் பிரான்சில் வாழ்ந்தபோதும் இந்தியக் குடியுரிமையை அவர் விடவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதே 1947இல்தான் எஃப்.என். சூசா, கே.எச். ஆரா, எம்.எஃப். உசேன், எச்.ஏ. காடே, சிற்பி எஸ்.கே. பாக்ரே ஆகியோருடன் சேர்ந்து முற்போக்கு ஓவியர் குழுவை அமைத்தார். அந்தக் குழுவைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ரஸாவின் பயிற்சியைப் பொறுத்தவரை அதன் பயன் முக்கியமாக ஒன்றுதான்: தம் வயதொத்தவர்கள் எவ்வளவு தூரம் துணிகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு. சூசா 1949இலேயே லண்டனுக்குப் புறப்பட்டுவிட்டார்.

அவருடைய கல்வியில் திருப்பம் என்று எதையாவது சொல்லவேண்டுமானால், அது 1948இல் ஸ்ரீநகரில் நிகழ்ந்தது. ரஸா அப்போது காஷ்மீரில் ஏரிகளையும் ஊர்களையும் நீர்வண்ணத்தில் வரைந்துகொண்டிருந்தார். புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெஸோனும் அங்கே வந்திருந்தார். அந்த ஆண்டு ஜனவரியில் காந்தி கொல்லப்பட்ட நாளின் டெல்லியைப் படமெடுத்தவர் அவர். ஹரி பர்பத் குன்றின் சரிவில் தொழுகை செய்யும் காஷ்மீரப் பெண்களின் புகழ்பெற்ற படமும் அந்தப் பயணத்தில் எடுத்ததே. ரஸாவின் ஓவியங்களைப் பார்த்த அவர் இரண்டைச் சொன்னார். உங்களுக்குத் திறமை இருக்கிறது. ஆனால் உங்கள் ஓவியத்தில் கட்டுமானம் இல்லை. வீட்டுக்கு அடித்தளமும் சுவரும் உத்திரமும் கூரையும் எப்படி வேண்டுமோ அப்படித்தான் ஓவியத்துக்கும். பிரெஞ்சு ஓவியர் செசானைப் படியுங்கள் என்பது அவர் அறிவுரையின் சாரம். இதைப் புகைப்படக் கலைஞர் ஒருவர் சொன்னது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் கார்த்தியே பிரெஸோன் இளமையில் ஓவியம் கற்றவர். கியூபிச ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் பயின்றவர். சட்டகத்துக்குள் கோடுகளும் தளங்களும் ஒன்றையொன்று எப்படித் தாங்க வேண்டும் என்ற லோத்தின் பாடத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுதும் தெருக்களில் நின்று கேமராவால் செய்துகாட்டினார். செசானிலிருந்து லோத்துக்கும், லோத்திடமிருந்து கார்த்தியே பிரெஸோனுக்கும், அவரிடமிருந்து ரஸாவுக்கும் ஒரே பாடம் கைமாறி வந்திருக்கிறது என்பதை நினைக்கையில் எனக்கு எப்போதும் மகிழ்ச்சி உண்டாகும்.

பதக்கம் வாங்கிய ஓவியனிடம் ஒருவர் வந்து, உன் படத்தில் எலும்பே இல்லை என்ற பொருள்படச் சொன்னால், அதை மறுத்துப் பேசுவதற்கு எத்தனையோ வழிகள் உண்டு. ரஸா அதை ஒரு வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்டார். பம்பாய் திரும்பி அலியான்ஸ் பிரான்சேஸில் பிரெஞ்சு மொழி கற்கத் தொடங்கினார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்துப் பெற்றார். 1950 அக்டோபரில் பம்பாயிலிருந்து மார்செய்க்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு. பாரீஸின் எகோல் தெ போஸார் என்னும் நுண்கலைப் பள்ளியில் 1953 வரை மாணவராக இருந்தார். இந்தியாவில் கண்காட்சிகள் நடத்தி, குழு அமைத்து, விமர்சகர்களின் பாராட்டையும் பெற்ற பிறகு, மறுபடியும் மாணவராக உட்கார்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பாரீஸில் அவருக்கு எகோலைவிடப் பெரிய பள்ளியாக இருந்தவை அருங்காட்சியகங்கள் என்றே நினைக்கிறேன். அக்காலத்தில் லூவரின் இம்ப்ரஷனிஸ்ட் சேகரிப்பு ழ்யூ த போம் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தது. செசானின் ஓவியங்களும் அங்கேதான் இருந்தன. லாங்ஹாமர் வீட்டில் அச்சுப் பிரதியாகப் பார்த்ததற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. செசானை அருகில் சென்று பார்த்தால், ஒரு மலைச்சரிவோ ஆப்பிளோ சிறுசிறு வண்ணத் திட்டுகளால், பெரும்பாலும் ஒரே சாய்வில் பக்கம் பக்கமாக வைத்த தூரிகை இழுப்புகளால், எழுப்பப்பட்டிருப்பது தெரியும். ஒவ்வொரு திட்டும் ஒரு சிறிய தளம். அது முன்னே வருகிறதா பின்னே போகிறதா என்பதைத் தீர்மானிப்பது கோடு அன்று, அதன் நிறத்தின் சூடும் குளிர்ச்சியும். அச்சில் இது மழுங்கிவிடும். நேரில் பார்த்தால்தான் கட்டுமானம் என்பது வரைபடத்தில் மட்டும் இருப்பதன்று, நிறத்தாலேயே கட்டவும் முடியும் என்பது புரியும். சந்தை நாளின் நிறங்களோடு வளர்ந்த ரஸாவுக்கு இது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்க முடிகிறது.

அவர் அந்தப் பாடத்தை எப்படிச் செய்து பார்த்தார் என்பதற்கு 1951ஆம் ஆண்டின் ஓ-த-கான்ய என்ற ஓவியம் சான்று. தெற்குப் பிரான்சில் நீஸ் நகருக்கு அருகில் குன்றின்மேல் இருக்கும் பழைய ஊர் அது. ஓவியத்தில் வீடுகள் கனசதுரக் கட்டிகளாக நெருங்கி நிற்கின்றன. மனிதர் எவரும் இல்லை. பம்பாய் ஓவியங்களின் ஈரமும் பரபரப்பும் அடியோடு மறைந்துவிட்டன. அது குவாஷ் வண்ணத்தால் வரையப்பட்டது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. குவாஷும் நீரில் கரைப்பதுதான். ஆனால் அது ஒளி ஊடுருவாத வண்ணம். இட்ட இடத்தில் நிற்கும். விளிம்பை எங்கே முடிப்பது என்பதைக் கைதான் சொல்லியாக வேண்டும். பாதி வேலையைத் தண்ணீர் செய்துவிடும் வசதியை ரஸா வேண்டுமென்றே விட்டுக்கொடுத்திருக்கிறார். பிளாக் ஸ்டூடியோவின் பழைய ஒழுக்கம் இப்போது அவருக்குக் கைகொடுத்தது என்பது என் கருத்து.

1951இல் அக்பர் பதம்சியும் பாரீஸ் வந்து சேர்ந்தார். 1952இல் ரஸா, சூசா, பதம்சி மூவரும் அங்கே செயின்ட் பிளாசித் கலைக்கூடத்தில் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரஸா எண்ணெய் வண்ணத்துக்கு மாறினார். கட்டிகளாக நின்ற வீடுகள் மெல்ல உருகத் தொடங்கின. கத்தியால் அப்பிய தடித்த வண்ணத்தில் பிரான்சின் கிராமங்கள், தேவாலயங்கள், மரங்கள் ஒன்றோடொன்று மோதி எரிவன போலத் தெரிந்தன. அவை பார்வைக்குக் கட்டற்றவை. ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அடியில் ஓடும் சட்டகம் அசையாமல் இருப்பது புலப்படும். 1956இல் அவருக்குப் பாரீஸ் விமர்சகர்களின் விருது கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் முறை. அவர் இந்தியர் என்பதற்காகச் சலுகை காட்டி வழங்கிய பரிசாக அதை எண்ண இடமில்லை. ஏனெனில் அவர் அப்போது வரைந்தவை அவர்களுடைய ஊர்களை, அவர்கள் அறிந்த மரபில், அவர்களுக்கு இணையாக நின்று வரைந்த ஓவியங்கள். எகோலில் உடன் பயின்ற ஓவியர் ழானின் மோன்ழியாவை 1959இல் மணந்து அந்நாட்டிலேயே நிலைத்தார்.

வழக்கமாக விருதோடு ஒருவரின் கற்கும் காலம் முடிந்ததாக எழுதுவார்கள். ரஸாவின் விஷயத்தில் அந்தக் கோட்டை நான் 1962க்குத் தள்ளிப் போடுவேன். அவ்வாண்டு கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வருகைதரு ஆசிரியராகக் கற்பிக்க அழைக்கப்பட்டுச் சென்றார். நாற்பது வயது, பெயரும் விற்பனையும் உள்ள ஓவியர். அங்கே அமெரிக்க அரூப ஓவியர்களின் படைப்புகளை, எல்லாவற்றுக்கும் மேலாக மார்க் ராத்கோவின் ஓவியங்களை, அவர் நெருக்கமாக அறிந்தார். வீடோ மரமோ மலையோ இல்லாமல், அகன்ற நிறப் பரப்புகள் மட்டுமே ஒரு மனிதரை நிறுத்திவைக்க முடியும் என்பதை ராத்கோ தமக்குத் திறந்துகாட்டினார் என்பதைப் பின்னாளில் ரஸா நன்றியோடு சொல்லி வந்தார். அதன் பிறகு எண்ணெய் வண்ணத்தையும் விட்டு அக்ரிலிக்குக்கு மாறினார். எண்ணெய் வண்ணம் காய்வதற்கு நாட்கள் ஆகும். ஈரத்தின்மேல் ஈரத்தை இழுத்துக் கலக்கலாம். அக்ரிலிக்கோ மெல்லிய பூச்சாக இட்டால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். ஒரு நிறத்தின்மேல் இன்னொன்றை உடனே போடலாம், ஆனால் தயங்கி நின்று திருத்த முடியாது. பத்தாண்டுகளாகக் கத்தியும் எண்ணெயுமாகப் பழகிய கை, தன் வேகத்தையும் அழுத்தத்தையும் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. ராஜஸ்தான், தபோவனம், பூமி என்ற பெயர்களில் 1970களில் அவர் வரைந்த, இருட்டும் தழலும் கலந்த பெரிய ஓவியங்கள் இப்படிக் கற்ற கையால் வந்தவை.